நோட்டின் கடைசிப் பக்கம்

தம்பி மகளுக்குத் தாலுகா மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "அத்தை, மொதல் சம்பளத்துல ஸ்மார்ட் வாட்ச் வாங்கட்டுமா, நல்ல ஸ்டெத் வாங்கட்டுமா?" என்றாள். ரெண்டும் அப்புறம், முதலில் செருப்புக் கடைக்குப் போ என்றேன். அவள் குரல் இறங்கிவிட்டது. 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் நின்ற கால்கள் என்னுடையவை; ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் போனில் சொல்லி முடியாது. அவளோடு இந்த மாதம் வேலையில் சேரும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

1. செருப்பைச் சாயங்காலம் போய் வாங்கு, கண்ணு. காலையில் இருக்கும் கால் வேறு, நாள் முழுக்க நின்ற கால் வேறு. வீங்கிய காலுக்குச் சரியாக இருப்பதுதான் டூட்டிக்கு ஆகும். குதிகால் மூடியிருக்க வேண்டும், அடி வழுக்கக் கூடாது, ரத்தமோ வாந்தியோ பட்டால் கழுவத் தோதாக இருக்க வேண்டும். நான் முதல் பத்து வருஷம் தட்டையான, மலிவான செருப்பில் ஓடினேன். அப்புறம் ஒரு காலம், காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி இறங்கிய மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் வரை போவேன். ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் பின்னால் நிற்கிற நேரத்தில் குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கு, இருபது தடவை. கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்தால்தான் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். என்னோடு வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு நரம்புச் சுருட்டல் வந்தது. யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

2. வாட்ச் வேண்டும்தான். விநாடி முள் உள்ளதாக, மார்பில் குத்திக்கொள்வதாக வாங்கு. மணிக்கட்டு காலியாக இருந்தால்தான் கையை முழுசாகக் கழுவலாம். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதே முள்ளால் எண்ண வேண்டிய இன்னொன்று மூச்சு. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார். கட்டிலுக்குக் கட்டில் 20 என்றே எழுதியிருக்கும். எண்ணாமல் எழுதியது அது. நாடி பார்த்து முடித்ததும் கையை விட்டுவிடாதே. இன்னும் நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு. மூச்சை எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சு விடும் விதமே மாறிவிடும். 28, 30 என்று வந்தால், மானிட்டரில் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடு. உடம்பு சரிகிறது என்பதை மூச்சுதான் பல சமயம் முதலில் சொல்லும்.

3. நான் பி.பி. பார்க்கப் பழகியது பாதரசக் கருவியில். இத்தாலியில் ரிவா-ரோச்சி 1896இல் செய்த கருவியின் வழியில் வந்தது அது. ஸ்டெத் வைத்துச் சத்தம் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் பிரிக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905இல் சொன்னார். பாதரசம் மண்ணுக்கும் நீருக்கும் கேடு என்று மினமாட்டா ஒப்பந்தம் வந்த பிறகு அந்தக் கருவிகள் வார்டை விட்டுப் போகின்றன. போகட்டும். உடைந்து தரையில் உருண்ட பாதரசத்தை நாங்கள் வெறுங்கையால் கூட்டி அள்ளியிருக்கிறோம். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஆனால் டிஜிட்டல் கருவி வந்த பிறகு, பட்டனை அழுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு வந்து உட்காரும் ஆத்தாவுக்கு 160 காட்டினால் அந்த 160 எதனுடையது? ஐந்து நிமிஷம் உட்கார வை. பாத்ரூம் போகணுமா என்று கேள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு மட்டத்துக்கு இருக்கட்டும். அளந்து முடியும் வரை நீயும் பேசாதே, அவரையும் பேச வைக்காதே. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி. வரும். நாடி தாறுமாறாக ஓடுகிறவர்களிடம் டிஜிட்டல் கருவி தடுமாறும். அங்கே ஸ்டெத்தும் உன் காதும்தான். இரண்டாவது சம்பளத்தில் ஸ்டெத் வாங்கிக்கொள்.

4. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை, கொரோனா அலை அடித்த 2021 மே மாதத்தில், நான் எத்தனை விரல்களில் மாட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து அது கணக்குப் போடுகிறது. இந்த வழியை 1974இல் ஜப்பானில் கண்டவர் டக்குவோ அவோயாகி. 2020 ஏப்ரலில், உலகம் முழுக்க அந்தக் கருவியைத் தேடி அலைந்த மாதத்தில், அவர் இறந்துபோனார். அவர் பேரை நர்சிங் பள்ளிகளில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்தக் கருவி சொல்லாததையும் தெரிந்துகொள். விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால் எண் பிசகும். மூடிய அறையில் புகையில் மாட்டியவருக்கு ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் 98 என்று காட்டும், நம்பிவிடாதே. தோல் நிறமும் இடறும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையருடையதில் 3.6 சதவீதம். நம் ஊரில் நீ பிடிக்கப்போகும் விரல்களின் நிறத்தை நினைத்துக்கொள். எண் 94, ஆனால் ஆள் வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்பு.

5. இன்சுலின். இதை நிறுத்தி நிதானமாகப் படி.

நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டு நிறமும் இரவு இரண்டு மணி வெளிச்சத்தில் ஒன்று போலவே இருக்கும். 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்; விடிவதற்குள் ஆள் மயங்கிக் கிடப்பார். மாற்றி, 40 மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் போவது எட்டு யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சிவப்பு மூடி தீர்ந்துபோய் ஆரஞ்சு மட்டும் கையிருப்பில் இருந்த ஒரு வாரம் உண்டு. புதிதாக வந்த பெண் ஒருத்தி அவசரத்தில் அதில் மருந்தை இழுத்துவிட்டாள். குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் காட்டச் சொல்வது என் வழக்கம் என்பதால் அகப்பட்டது. அவளை நான் திட்டவில்லை. என்னிடம் காட்டினாளே, அதுவே பெரிய விஷயம். நீயும் இன்சுலின் போடும் முன் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் காட்டு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகிறவர்களிடமும், மெடிக்கலில் சிரிஞ்சு கேட்கும்போது பழைய குப்பியைக் கையோடு கொண்டுபோகச் சொல். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானைக் குளிர்ச்சி உதவும். ஃபிரிட்ஜ் உள்ள வீடுகளில் ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டுவிடுவார்கள்; உறைந்த இன்சுலினைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

6. சர்க்கரை பார்க்கும் கருவிக்கு முன்னால் நோயாளியின் கையைக் கழுவச் சொல். மாம்பழம் தின்ற விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரைதான் வரும். விரல் நுனியின் நடுவில் குத்தாதே, பக்கவாட்டில் குத்து, வலி குறையும். ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரம் ஏறி அளவு கெடும்.

என் கதை இங்கேதான் வருகிறது. எனக்கு அப்போது 19 வருஷ சர்வீஸ். சர்க்கரை நோய் ஓ.பி.யில் உட்கார்ந்திருந்தேன். தறி வீட்டு ஆத்தா ஒருவர், ஊசி என்றாலே ஆகாது என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "வலிக்காது ஆத்தா, பாருங்க" என்று புது ஊசி மாட்டி என் விரலில் குத்திக் காட்டினேன். கருவி 286 காட்டியது. டீ தம்ளரைப் பிடித்த கை என்று நினைத்து, போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி வந்து இன்னொரு விரலில் பார்த்தேன். 279.

அந்த மாதம் முழுக்க அதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்: தாகம் எடுக்குதா, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கறீங்க, எடை கொறஞ்சுதா? மூன்றும் எனக்கு இருந்தன. தாகத்துக்கு வெயில் காரணம், ராத்திரி எழுவதற்கு வயசு காரணம், இளைத்ததற்கு நைட் டூட்டி காரணம் என்று நானே பதிலும் வைத்திருந்தேன். ஆத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கும் இருக்குதா சாமி?" என்றார். பிறகு முந்தானைக்குள் இருந்து கையை எடுத்து நீட்டினார்.

பாதத்தில் இன்று எனக்கு உணர்ச்சி பாதிதான். முன்பே பார்த்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. மேல் பையில் வைக்கும் சின்ன நோட்டின் கடைசிப் பக்கத்தை அன்றிலிருந்து எனக்கு ஒதுக்கினேன். தேதி, பி.பி., சர்க்கரை, எடை, ஹீமோகுளோபின். 2021 ஆகஸ்ட் 5இல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது முதல் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கும் பெண்களை எங்கள் தெருவில் பார்க்கிறேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு நான் கேட்பது, "உன்னோட பி.பி. எவ்வளவு கண்ணு?" பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

7. ஊசிக்கு மறுபடி மூடி போடாதே. மீறிக் குத்திவிட்டால் விரலை வாயில் வைக்காதே, பிதுக்காதே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு, உடனே போய்ச் சொல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. "டூட்டி முடியட்டும்" என்று நிற்காதே. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். மூன்றாவதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள். 10க்கு மேல் இருக்க வேண்டும். அதையும் கடைசிப் பக்கத்தில் எழுது.

8. தனியாக ஆளைத் தூக்காதே. எலும்பும் தோலுமாக இருக்கும் தாத்தாவும் மயங்கிக் கிடந்தால் மலையாகக் கனப்பார். அவருக்கு அடியில் பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருகாதே. கட்டிலின் உயரத்தை மாற்றும் கைப்பிடி இருந்தால் சுற்று. அரை நிமிஷம் ஆகும், ஆகட்டும். கூட வந்த உறவுக்காரர்களைக் கூப்பிடத் தயங்காதே.

9. "நாளெல்லாம் வார்டுலதான நடக்கறேன், எனக்கெதுக்குத் தனியா எக்சர்சைஸ்?" நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். லண்டன் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிடப் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் 1953இல் காட்டினார்; வேலையில் நடப்பது வீண் இல்லை. ஆனால் கண்டக்டர் ஆளைத் தூக்குவதில்லை, குனிந்து கதீட்டர் மாற்றுவதில்லை. நம் நடை பத்தடி நடந்து பத்து நிமிஷம் குனிந்து நிற்கும் நடை. கால் ஓயும், முதுகு இறுகும், நெஞ்சும் சதையும் பலப்படுவதில்லை.

தினம் 10,000 அடி என்று ஸ்மார்ட் வாட்ச் கேட்கிறதே, அந்த எண் மருத்துவர் எழுதிய சீட்டில் இருந்து வரவில்லை. 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பேர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். பேர் நிலைத்துவிட்டது. வாட்ச் சொல்லும் நாடி ஓரளவு சரியாகவே இருக்கும். எரித்த கலோரியை மட்டும் நம்பிச் சாப்பிடாதே. 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இருப்பதிலேயே நல்ல கருவிகூடக் கலோரியில் சராசரி 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷமாவது ஓரளவு மூச்சு வாங்கும் நடை போன்றது, அதோடு இரண்டு நாள் சதைக்குப் பலம் தரும் வேலை. ஜிம்முக்குப் போக முடிந்தால் போ. முடியாவிட்டால், நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார், மூன்று சுற்று. சுவரில் கை ஊன்றித் தண்டால். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது, அது முதுகுக்கு. நான் இன்றைக்கும் கைக்கொரு ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நடக்கிறேன்.

10. நோயாளியின் முகமோ புண்ணோ எக்ஸ்ரேயோ உன் போனில் இருக்கக் கூடாது. டாக்டர் கேட்டார் என்று அனுப்ப வேண்டியிருந்தால் பேர் தெரியாமல் எடு, அனுப்பியதும் அழி. போனில் சொன்ன மருந்தை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, நேரத்தையும் குறி. பிரசவ வார்டில் பிறந்த குழந்தையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்தத் தாய் கேட்டுக்கொண்டாளா? தினம் ஒரு தடவை போனைத் துடை. நீ தொட்டதையெல்லாம் அதுவும் தொட்டிருக்கிறது.

11. நைட் டூட்டிக்குப் போகும் முன் சாப்பிட்டுவிட்டுப் போ. நடு ராத்திரிக்கு டப்பாவில் சுண்டலோ அவித்த முட்டையோ, ஒரு பாட்டில் மோரோ எடுத்துக்கொள். மூன்று மணிக்குப் பரோட்டா வேண்டாம், நாலாவது டீயும் வேண்டாம். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் வார்டைப் பார்க்க ஆளில்லை என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து நீர்க்கடுப்பில் சுருண்டு கிடந்தவர்கள் எங்கள் செட்டில் உண்டு. பக்கத்து வார்டுச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போய் வா.

விடிந்ததும் வண்டி ஓட்டாதே, கண்ணு. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கண் சொக்கும் அந்த ஒரு விநாடியை யாராலும் தடுக்க முடியாது. பஸ்ஸில் வா, இல்லை அண்ணனை வரச் சொல். வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்க உட்காராதே. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டு, போனை வேறு அறையில் வை. பகலில் தூங்குகிறாளே என்று மாமியார் சொன்னால், ராத்திரி முழுக்க எத்தனை பேரைப் பார்த்தாய் என்று உட்கார்ந்து ஒரு தடவை விளக்கமாகச் சொல்லு. என் மாமியார் அப்படிக் கேட்ட பிறகுதான் வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகினார்.

12. சேரும் முன் உடல் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்காக உன் உயரம், எடை, பி.பி., கண் பார்வை, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். சான்றிதழை ஆபீஸில் கொடுத்துவிட்டால் அந்த எண்களும் ஃபைலுக்குள் போய்விடும். கொடுக்கும் முன் மேல் பையில் இருக்கும் நோட்டை எடு. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மேலே உன் பேரை எழுதி, அந்த எண்களை முதல் வரியாக எழுதிக்கொள். தேதியும் போடு.